மூன்றாவது குட்டிக்கு ஊற்றிய தண்ணீர்

அந்தப் பிற்பகலைக் கிறகரி எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று இடம் மாறிவிடுகிறது. சில நாட்களில் மழை பெய்துகொண்டிருக்கிறது. சில நாட்களில் மழை விட்டு, கூரைத் தகரத்திலிருந்து சொட்டுவது மட்டும் கேட்கிறது. அடுப்பில் தண்ணீர்ப் பானை இருந்தது நிச்சயம். அது கொதித்ததா, வெதுவெதுப்பாக இருந்ததா என்பது நிச்சயமில்லை. ஒன்றை மட்டும் அவனால் மாற்றி நினைக்க முடியவில்லை. குட்டி அழுத சத்தம் கேட்டதும் தாய்ப்பூனை தலையைத் தூக்கியது. குட்டி அவன் உள்ளங்கையில் இருந்தது. பூனை அவன் கையைப் பார்க்கவில்லை. உள்ளறை வாசலைப் பார்த்தது.

அதுவும் சரியான நினைவுதான் என்று சத்தியம் செய்ய அவனால் முடியாது.

முப்பத்திநாலாம் வருஷம் ஐப்பசி மாதம் அது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் கீழே, கடைகளுக்குப் பின்னால் ஆற்றை நோக்கி இறங்கும் சந்தில் கடைசி வீடு அவர்களுடையது. முன்னறை, உள்ளறை, பின்னால் குசினி. வீட்டுக்குள் எங்கே நின்றாலும் மகாவலியின் இரைச்சல் கேட்கும். கேட்டுப் பழகியபின் அது கேட்காமல் போய்விடும். கிறகரி தினமும் காலை பஸ் ஏறிக் கண்டிக்குப் போய், ஒரு தேயிலைக் களஞ்சியத்தில் கிளாக்காக வேலை செய்து, இருட்டுமுன் திரும்புவான். சொந்த ஊர் ஹேவாஹெட்ட. அவனுடைய மனைவி பெற்றீசியா ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள்.

ஆடி மாதத்தில் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்து, செத்தது.

சாகப்போகும் சிசுவுக்குச் சுவாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. யாராவது தலையில் தண்ணீர் ஊற்றி, பேர் சொல்லி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொன்னால் போதும், அது ஞானஸ்நானம்தான். கோயிற்சனங்கள் அதைச் சுருக்கமாகத் 'தண்ணி ஊத்துறது' என்பார்கள். அன்று கிறகரி தீர்த்தப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளறைக் கதவுக்கு வெளியே நின்றான். பிள்ளைப்பேறு நடக்கும் அறைக்குள் ஆண்பிள்ளை போவதில்லை. உள்ளே மருத்துவிச்சி கூப்பிடுவாள் என்று நின்றான். அவள் கூப்பிடவில்லை. பிறகு வெளியே வந்து, கொஞ்ச நேரம் மூச்சு இருந்ததாகச் சொன்னாள். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைச் சேமக்காலைக்குள் அடக்க முடியாது. வேலிக்கு வெளியே, சிலுவை இல்லாமல், பேர் இல்லாமல் புதைத்தார்கள். மத்தியாஸ் என்று வைக்கலாம் என அவன் மனதுக்குள் முடிவு செய்திருந்தான். அன்றிலிருந்து பஸ்ஸில் நிற்கும்போதும் தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே நடக்கும்போதும் அவன் உதடுகள் அந்த வாசகத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தன. கதவைத் தள்ளியிருந்தால் இரண்டு எட்டு. அவ்வளவுதான்.

பெற்றீசியா பேசுவதை விட்டுவிட்டாள். கேட்டதற்கு ஆமாம், இல்லை. பக்கத்து வீட்டு உம்மு குல்சும் வந்து, பால் வற்றுவதற்காக அவள் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டிவிட்டுப் போனாள். பூ வாடி, நாறி, பால் வற்றியது. அந்த மணம் தலையணையிலிருந்து போகவில்லை.

பூனை அந்த வீட்டோடு வந்தது. சாம்பல் நிறம், பேர் கிடையாது. அதற்கு வலி எடுத்த ஞாயிற்றுக்கிழமை பெற்றீசியா விடியலிலிருந்து குசினியில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சாக்கு விரித்த தேயிலைப் பெட்டிக்குள் காலையிலேயே இரண்டு குட்டிகள் விழுந்துவிட்டன. மூன்றாவது வரவில்லை. வெள்ளை நுனியுள்ள வால் மட்டும் வெளியே வந்து அப்படியே நின்றது. பூனை முதலில் கத்தியது, பிறகு முனகியது, மத்தியானத்துக்குப் பிறகு வாயைத் திறந்து மூச்சு மட்டும் விட்டது.

"ஏங்க, இங்க வாங்க," என்று பெற்றீசியா கூப்பிட்டாள். "இது செத்துப் போயிரும். எண்ணெய் தொட்டு இழுங்க. நான் தாய பிடிச்சுக்கிறேன்."

மூன்று மாதத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவளைத் திரும்பப் பெறும் வழி இதில் இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. குட்டி பிழைத்தால் அவளும் பேசுவாள். தேங்காயெண்ணெயில் விரலைத் தோய்த்து, பூனை மூச்சைப் பிடித்து முக்கும்போதெல்லாம் மெல்ல இழுத்தான். சூடும் இரத்தவாடையும் வழுக்கலுமாகக் குட்டி அவன் உள்ளங்கைக்கு வந்தது. அசைவில்லை. நனைந்த திரி மாதிரி தலை தொங்கியது.

"தண்ணி ஊத்துங்க," என்றாள் அவள்.

அவள் சொன்னது அடுப்பிலிருந்த தண்ணீரை. தோட்டத்தில் அவள் அப்பா அசைவில்லாமல் பிறக்கும் ஆட்டுக்குட்டி மேல் சுடுதண்ணி ஊற்றித் தேய்த்துவிடுவார். அதைத்தான் சொன்னாள். அவன் கை அதைக் கேட்கவில்லை. மாடத்திலிருந்த தீர்த்தப் போத்தலை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, அந்தச் சின்னத் தலையில் மூன்று தடவை ஊற்றினான். "மத்தியாஸ், பிதாவுடையவும் சுதனுடையவும்…" வாசகம் தடங்கலில்லாமல் முழுதாக வந்தது.

அழுகைச் சத்தம் கேட்டது.

பூனை தலையைத் தூக்கியது. பெற்றீசியா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமில்லை, ஆச்சரியமும் இல்லை. குட்டியை அவனிடமிருந்து வாங்கித் துணியில் சுற்றினாள். அவன் பின்புறம் போய்க் கை கழுவிவிட்டு வந்தபோது அவள் குசினியில் இல்லை. பெட்டிக்குள் பூனையின் வயிற்றில் இரண்டு குட்டிகள் முட்டிக்கொண்டிருந்தன.

"மற்றது எங்க?" என்று கேட்டான்.

"இங்க இருக்கு," என்றாள் உள்ளறையிலிருந்து.

அடுத்த நான்கு நாட்களும் கிறகரி வேலைக்கு முன்னும் பின்னும் பூனையைப் பார்த்துக்கொண்டான். அது எழுந்து நிற்கவில்லை. உம்மு குல்சும் கொடுத்த ஆட்டுப்பாலில் துணியைத் தோய்த்து அதன் வாயில் பிழிந்தான். மீன் அவித்த தண்ணீரை விரலில் தொட்டு வைத்தான். பின்பக்கத்து இரத்தத்தைச் சுடுநீரால் துடைத்தான். எல்லாவற்றுக்கும் அது பேசாமல் கிடந்தது. பெட்டியின் மூலையில், சாக்குக்கு அடியில் கை வைத்தால் மட்டும் சீறியது. மூன்றாம் நாள் தானாக நக்கிக் குடித்தது. ஐந்தாம் நாள் அவன் வேலை விட்டு வந்தபோது, மழைக்குள் ஒரு குட்டியின் கழுத்தைக் கவ்விக்கொண்டு வேலியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வந்து இரண்டாவதையும் எடுத்தது. வாசலில் நின்று வீட்டை ஒரு தடவை பார்த்தது. பிறகு திரும்பி வரவில்லை.

உம்மு குல்சும் வேலியோரம் வந்து நின்றாள்.

"ஒங்கட பூன எங்கட வெறகு மடுவத்துல வந்து கெடக்குது தம்பி. வாடகை கேக்கணும் போல," என்று சிரித்தாள். "மூணாவதயும் கொண்டாந்து தாங்க, தாயோட சேத்து வுடுவோம்."

அவன் உள்ளறை வாசலில் நின்று அதைச் சொன்னான். கதவு சாத்தியிருந்தது.

"அவனுக்கு இங்க பால் இருக்கு," என்றாள் பெற்றீசியா.

அதன்பின் அவள் பேசத் தொடங்கினாள். அவனோடு அல்ல. சந்துக்குள் திரும்பும்போதே அவள் குரல் கேட்கும். தாழ்ந்த, சந்தோஷமான குரல். அவன் வாசலை மிதித்ததும் நிற்கும். சோறு ஆக்கி வைத்திருப்பாள். ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு இடங்களில் வட்டமாக நனைந்திருக்கும். வாடிய மல்லிகையின் மணத்துக்கு மேல் புதிய பாலின் மணம், புளித்த இனிப்பு மணம், வீடெங்கும் ஈரத்தோடு சேர்ந்து கிடந்தது. குசினிப் பக்கம் வேறொரு நாற்றமும் இருந்தது. விறகுக்குப் பின்னால் எலி செத்திருக்கும் என்று நினைத்தான். தேடவில்லை.

உள்ளறை வாசலுக்குப் போனால் விரலை உதட்டில் வைப்பாள். "தூங்குது. சத்தம் போடாதீங்க." உத்தரத்திலிருந்து சேலையில் தொட்டில் கட்டியிருந்தாள். இரண்டு எட்டு வைத்தால் பார்க்கலாம். அவன் வைக்கவில்லை. முன்னறைக் கதிரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். உறிஞ்சும் சத்தம். இடையில் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு உள்ளங்கையால் ஒரு முதுகைத் தட்டும் சத்தம், மெதுவாக, நெடுநேரம். அதற்குப் பிறகு ஒரு ஏப்பம்.

பூனைக்குட்டி ஏப்பம் விடுமா என்று அவனுக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் முடியாது.

தொட்டில் ஆடும்போது உத்தரம் முனகியது. ஒரு மாங்காயின் கனம்கூட இல்லாத குட்டி.

இரண்டாவது ஞாயிறு, பூசை முடிந்தபின், மெழுகுதிரித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த உபதேசியார் யாகப்பரிடம் போனான். யாகப்பர் யாழ்ப்பாணத்துக்காரர், கேலிக்காரர். ஊற்றிய ஞானஸ்நானத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டுவிட்டு, முழுவதையும் சொன்னான்.

"பூனைக்கோ?" என்றார் யாகப்பர். "அப்ப கோயில் புத்தகத்தில தகப்பன்ர பேர் என்னெண்டு எழுதுறது?" தன் பகிடிக்குத் தானே சிரித்தார். கிறகரி சிரிக்கவில்லை. அவருடைய சிரிப்பும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. "சரி, ஊத்தேக்க நீர் ஆரை நினைச்சனீர்?"

கிறகரி சேமக்காலைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

யாகப்பர் கையிலிருந்த துண்டுகளைக் கீழே வைத்தார். "பூனைக்கு அது பிடியாது, தம்பி. மிருகத்துக்கு ஞானஸ்நானம் இல்லை. ஆனா நினைச்சு, பேர் சொல்லித்தானே ஊத்தினனீர். அது ஆருக்குப் பிடிச்சுதோ, எனக்குத் தெரியாது."

அந்த வாரத்தில் பெற்றீசியா கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். உம்மு குல்சும்தான் தூக்கிக் கொண்டுவந்து விட்டாள். கன்னம் ஒட்டி, மணிக்கட்டு எலும்பு தெரிந்தது. காலையும் மாலையும் பார்த்துக்கொண்டிருந்த அவனுக்கு அது தெரியாமலா இருந்தது? தெரிந்தது. "பெற்றீசியா புள்ள செத்துப் போகும் தம்பி," என்றாள் உம்மு குல்சும் வேலியோரம், குரலைத் தாழ்த்தி. "அந்தக் குட்டிய எடுத்திருங்க. அழுதா அழட்டும்."

சனிக்கிழமை அரைநாள் வேலை. ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டான். ஆற்றிலிருந்து எழுந்த பனிப்புகார் சந்தை நிறைத்து, வாசற்படி வரைக்கும் வந்து நின்றது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே உறிஞ்சும் சத்தம். குட்டியைத் தாயிடம் கொண்டுபோய் விடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தான். அவள் கத்துவாள், நகத்தால் பிறாண்டுவாள், பிறாண்டட்டும். கையில் தூக்கிப்போக அவனால் முடியாது. அதைத் தொட அவனுக்குப் பயம். பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாம்.

குசினிக்குப் போனான். பெட்டி அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. நாற்றம் அங்கேதான் அதிகமாக இருந்தது. எறும்புகள் ஒரு கோடாகப் பெட்டிக்குள் ஏறி, ஒரு கோடாக இறங்கின. சாக்கை உதறிப் போடலாம் என்று அதன் முனையைப் பிடித்துத் தூக்கினான்.

மூலையில் துணி. அவன் வீட்டுத் துணி.

பிரித்தான்.

மூன்றாவது குட்டி. காய்ந்து, தட்டையாக. வால் நுனி வெள்ளை. தொப்புள்கொடி அறுபடாமல் வயிற்றோடு ஒட்டியிருந்தது. தலை மயிர், தண்ணீர் ஊற்றிய இடத்தில், சேர்ந்து படிந்து அப்படியே காய்ந்திருந்தது. அது ஒரு நாள்கூட உயிரோடு இருந்திருக்கவில்லை. ஒரு மணி நேரம்கூட.

அவன் குனிந்தபடியே இருந்தான்.

உள்ளறையில் உறிஞ்சும் சத்தம்.

நின்றது.

முதுகைத் தட்டும் சத்தம். மெதுவாக. நெடுநேரம்.

"அப்பா வந்திருக்காங்க," என்றாள் பெற்றீசியா, சந்தோஷமாக. "வாங்களேன். கதவு திறந்துதான் இருக்கு."

இருபது நாட்களாக அவன் நின்ற அதே இடத்தில் கிறகரி போய் நின்றான். கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. கதவின் அடியில் விரற்கடை அளவு இடைவெளி. அதன் வழியே பால் மணம் வந்தது. அந்த இடைவெளியில், உள்பக்கத்து வெளிச்சத்தில், ஏதோ ஒன்று தரையோடு தரையாகக் கதவை நோக்கி வந்து, இந்தப் பக்கத்தில் அவன் மூச்சைக் கேட்பதுபோல அசையாமல் நின்றது.

அவன் கதவைத் தள்ளவில்லை.

பூனை உம்மு குல்சும் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதன் இரண்டு குட்டிகளும் நன்றாக வளர்ந்தன. ஒன்றைக் கடைக்கார அஸீம் எலி பிடிக்கக் கேட்டு வாங்கிப் போனார். யாகப்பர் அடுத்த வருஷக் காய்ச்சலில் செத்துப்போனார். உம்மு குல்சும் வேலியோரம் வருவதில்லை. பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறாள். பெற்றீசியா சாகவில்லை. இந்த மூன்று வருஷத்தில் உடம்பு தேறியிருக்கிறது. உள்ளறையை விட்டு வெளியே வருவதில்லை. கிறகரி முன்னறையில் படுக்கிறான், வேலைக்குப் போகிறான், வந்து சமைக்கிறான். போன தையிலிருந்து அவள் கதவுக்கு வெளியே இரண்டு தட்டு வைக்கச் சொல்கிறாள். சின்னத் தட்டில் சோற்றைக் குழைத்து வைக்க வேண்டும். மீனில் முள் எடுத்துவிட வேண்டும்.

அவன் முள் எடுத்துக் கொடுக்கிறான்.