ஜோப் ரெல்ஃபின் துப்பாக்கி

ஈனிட் ரெல்ஃப் அந்தத் துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தபோது நான் பின்னறையில் இருந்தேன். கதவின் கண்ணாடி வழியாக அவளுடைய சிவப்புத் தபால்காரக் கோட்டு தெரிந்தது. புது ஆட்கள் வந்தால் நான் வெளியே போவதில்லை. கடைசல் எந்திரத்தைப் போட்டுவிட்டு, அதன் இரைச்சலுக்குப் பின்னால் நின்றுகொள்வேன்.

அவள் போன பிறகு பட்டறை முதலாளி ரேமண்ட் எட்டிப் பார்த்தார்.

"வாயத் திறந்தா வரி போட்டுடுவாங்கன்னு பயமா, மார்னி? நல்ல பொம்பளை. கடிக்க மாட்டா. சாமான் மேசையில இருக்கு, பாத்துக்கோ."

எங்கள் பட்டறை வட இங்கிலாந்தில், கென்டல் ஊருக்கு வெளியே, ஆற்றோரத்தில் இருக்கிறது. முதல் உலகப்போரின் ராணுவத் துப்பாக்கிகள் இங்கே வரும். குழல் தேய்ந்துபோயிருக்கும். ரேமண்ட் அதைக் குடைந்து, மெல்லிய உள்குழாய் ஒன்றைச் செருகி, பெரிய தோட்டாவுக்குப் பதில் சுண்டுவிரல் நகம் அகலம்கூட இல்லாத சின்னத் தோட்டா சுடும்படி மாற்றிவிடுவார். ஊர்களில் உள்ள துப்பாக்கி சுடும் மன்றங்களின் கூடத்துக்குள் அதை மட்டும்தான் சுட முடியும். மரக்கட்டையைத் துடைத்து எண்ணெயிட்டுப் பூட்டுவது என் வேலை.

பட்டறையில் ஒரே ஒரு விதி உண்டு. இரும்பு நம்முடையது, மரம் அதைச் சுமந்த சிப்பாய்களுடையது. இரும்பை வெட்டலாம், குடையலாம். மரத்தில் ஈரத்துணியும் ஆளிவிதை எண்ணெயும் தவிர எதுவும் படக்கூடாது.

இரண்டு வருடமாக நான் அந்த விதியை மீறிக்கொண்டிருந்தேன்.

முதல் தடவை ஒரு கறைக்காக உப்புத்தாளை எடுத்தேன். வால்நட் மரம் தேன் நிறத்தில் மின்னியது. மன்றத்தில் ஒருவர் அதைக் கையில் வாங்கி, "அடேயப்பா, புதுசு மாதிரி இருக்கே புள்ள!" என்றார். ரேமண்டுக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. "எண்ணெய் நல்லா ஏறியிருக்கு" என்று தோளில் தட்டினார். கல்லூரியில் வேதியியலில் முதல் வகுப்பு வாங்கியபோதுகூட யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அதன் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை.

ஈனிட்டின் துப்பாக்கியையும் அப்படித்தான் எடுத்தேன். வேலைச்சீட்டைப் பார்க்கவில்லை. அடிக்கட்டையின் கீழ்ப்பக்கம் கீறலும் அழுக்குமாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் வழவழப்பாகிவிட்டது.

தேநீர் நேரத்தில் ரேமண்ட், ஈனிட் அனுப்பியிருந்த ஒரு படத்தைக் கைபேசியில் காட்டினார்.

"பேரைப் பாத்தியா? அவ தாத்தாவோட தம்பி, ஜோப். பத்தொன்பது வயசுல போர்ல போயிட்டான். உடம்பே கிடைக்கல. 'சார்ஜென்ட் பாக்காத இடத்துல, லாட ஆணியால பேரு கீறியிருக்கேன்'னு வீட்டுக்கு எழுதியிருக்கான். பதிமூணு வருஷமாத் தேடி, போன மாசம் ஒரு ஏலத்துல பிடிச்சிருக்கா. அவன் கைபட்டதுன்னு உலகத்துல இது ஒண்ணுதான் இருக்காம்."

படத்தில் கோணல்மாணலான எழுத்துகள். *ஜோப் ரெல்ஃப்.*

நான் அழுக்கு என்று நினைத்தது.

"ம்" என்றேன். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். தேநீரைக் குடித்தேன்.

மறுநாள் ரேமண்ட் இரும்பு வாங்கப் போயிருந்தபோது, என் கைபேசிக்கு மாற்றிக்கொண்டிருந்த அந்தப் படத்தைப் பார்த்து நானே அந்தப் பெயரைக் கீறினேன், ஒரு லாட ஆணியால். எழுத்துகளுக்குள் விளக்குக் கரியும் எண்ணெயும் குழைத்துத் தேய்த்தேன். நன்றாக வந்தது. என்னைவிட யாரும் நன்றாகச் செய்திருக்க முடியாது என்று ஒரு கணம் நினைத்தேன். அதை இன்று நினைத்தாலும் முகம் கொதிக்கிறது.

அடுத்த நாள் காலை கட்டை வழவழப்பாக இருந்தது.

ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை. மரத்தில் அழுந்திய இடம் ஈரம் பட்டால் மேலெழும்பும், இழைகள் ஊதிக்கொள்ளும். அது எனக்குத் தெரியும். ஆனால் நான் அழுத்தவில்லை, வெட்டியிருந்தேன். என் எழுத்திலிருந்து வந்த மரத்தூள் இன்னும் மேசை இடுக்கில் கிடந்தது. வெட்டியெடுத்த மரம் திரும்பி வளராது.

மறுபடியும் கீறினேன். ஆழமாக.

மறுநாள் அதுவும் மூடிக்கொண்டது. காயம் ஆறுவது போல.

மூன்றாம் முறை கீறும்போது பட்டறையில் ஒரு வாடை எழுந்தது. நனைந்த கம்பளி. அதற்கு அடியில் சேறு, பழைய புகை. வெளியே மழை இல்லை. பிற்பகல் இரண்டு மணி, நல்ல வெளிச்சம். ஆணியை நிறுத்தினேன்.

கீறும் சத்தம் நிற்கவில்லை.

கட்டை என் கையில்தான் இருந்தது. சத்தம் அதன் உள்ளிருந்து வந்தது. மெதுவாக, பொறுமையாக, யாரோ தலைகுனிந்து உட்கார்ந்து கீறுவது போல.

ஆணியைக் கீழே போட்டேன். அதன் பிறகு அதைத் தொடவில்லை.

சனிக்கிழமை காலை ஈனிட் வந்தாள். ரேமண்ட் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். இந்த முறை நானும் முன்னறையில் நின்றேன். எண்ணெயில் எழுத்து மங்கிவிட்டது, நாளாக ஆகத் தெரியும் என்று சொல்வதாகத் திட்டம். வாக்கியத்தை மனதுக்குள் இருபது தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன்.

"இதுதானா உங்க பின்னறைப் பொண்ணு?" என்று ஈனிட் சிரித்தாள். "நான்கூட நீங்க கதை விடறீங்கன்னு நெனச்சேன், ரேமண்ட். வா புள்ள, நான் தபால்தான் போடுவேன், ஆளைப் போட மாட்டேன்."

பிறகு துப்பாக்கியைத் திருப்பினாள்.

சிரிப்பு அப்படியே நின்றது.

"பேரு எங்க?"

ரேமண்ட் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு குனிந்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"நான் தேச்சுட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அழுக்குன்னு நெனச்சு. அப்புறம் மறைக்கப் பாத்தேன். நானே எழுதினேன், மூணு தடவை. அது... வாங்கிக்கல."



ஈனிட் கையுறையைக் கழற்றினாள். அழுத்தமாக, வலிக்கிற இடத்தைத் தேடுவது போல, கட்டைவிரலைக் கட்டைமேல் வைத்தாள்.

அவள் முகம் மாறியது.

"ஷ்ஷ்" என்றாள்.

கீறும் சத்தம். மூன்று பேருக்கும் கேட்டது.

"என் விரலுக்கடியில அசையுது" என்று கிசுகிசுத்தாள். "எடுக்கட்டுமா?"

"எடுக்காத" என்றார் ரேமண்ட். அவர் கை மேசையைப் பிடித்திருந்தது.

வாடை அறையை நிறைத்தது. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தது. ஈனிட் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் விரல் அசையவில்லை. சத்தம் நின்ற பிறகுதான் எடுத்தாள்.

எழுத்துகள் பள்ளமாக இல்லை. மேடாக நின்றன. புதுத் தழும்பு போல மரத்திலிருந்து எழும்பி, அதே கோணல்மாணலோடு. ஈரமாக இருந்தன.

"ஜோப்" என்று சொல்லிக் கன்னத்தை அதன்மேல் வைத்தாள் ஈனிட்.

எனக்குள் முதலில் வந்தது நிம்மதி. அவ்வளவுதான், தப்பித்தேன் என்று தோன்றியது. அந்த நினைப்பை அவள் என் முகத்தில் படித்திருக்க வேண்டும். மெதுவாக நிமிர்ந்தாள்.

"வேற எத்தனை தேச்சே?"

நான் வேலைச்சீட்டுகளின் பக்கம் திரும்பினேன்.

"கேக்கறேன்ல புள்ள. எத்தனை?"

"நாப்பத்தொண்ணு."

"எல்லாத்துலயும் பேரு இருந்துச்சா?"

"பாக்கல" என்றேன். அதைவிடக் கேவலமான வார்த்தையை நான் இதுவரை சொன்னதில்லை. "கீறல் இருந்துச்சு. நான் படிச்சுப் பாக்கல."

ரேமண்ட் கண்ணாடியைக் கழற்றி, மேசைமேல் கவிழ்த்து வைத்தார். என் தோளில் தட்டிய அந்தக் கையை இப்போது எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போது தொலைபேசி அடித்தது.

அவர் எடுத்தார். சற்று நேரம் கேட்டார். பிறகு அதை என்னிடம் நீட்டினார்.

பென்ரித் ஊரின் துப்பாக்கி மன்றத்துக்காரர். சாதாரணமாக உரக்கச் சிரித்துப் பேசுகிறவர். இன்று குரல் தாழ்ந்திருந்தது, பக்கத்தில் யாரோ தூங்குவது போல.

"மார்னியா? நீங்க மாத்திக் குடுத்த ஒன்பது துப்பாக்கியும் பூட்டுன அலமாரியிலதான் இருந்துச்சு. யாரும் தொடல. இப்பத் தொறந்தா எல்லாம் ஈரமா இருக்கு. மரத்துல எழுத்து மொளைக்குது. விளையாட்டு இல்ல, கண்ணு முன்னாடி மொளைக்குது. என்ன பண்ணட்டும்?"

"படிங்க" என்றேன். "எழுதிக்கிறேன்."

அவர் படித்தார். பழைய காலத்துப் பெயர்கள். சிலது முழுப்பெயர், சிலது முதலெழுத்து மட்டும். ஒன்று, ஒரு பெண்ணின் பெயர். ஈனிட் என் பக்கத்தில் வந்து நின்று, தாள் நகராமல் பிடித்துக்கொண்டாள். நான் ஒன்பது பெயர்களையும் எழுதி முடித்தேன்.

"அவ்வளவுதானே?" என்று கேட்டேன்.

மறுமுனையில் அலமாரிக் கதவு கிறீச்சிட்டது.

"ஒன்பது துப்பாக்கிதான்" என்றார். "ஆனா இருங்க. இப்ப அலமாரிக் கதவுல இன்னொரு பேரு வருது."