கை போட்ட வெண்ணெய்

"வெண்ணெய் போடவே இல்லைங்கறேன்!" என்றாள் அம்மா.

சித்தி கரண்டியைக் கிண்ணத்தில் மெதுவாக வைத்தாள். காளான் சூப்பின் மேல் சின்னச் சின்னப் பொன் வட்டங்கள் மிதந்தன. அப்பா மட்டும் சூப்பை உறிஞ்சினார். அது பெரிய சத்தமாகக் கேட்டது.

"வாசனையே வருதே, அக்கா."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"வேற எப்படிச் சொன்னே?"

குண்டூசி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு வயது பத்து. ஒல்லியாக இருப்பதாலும், மற்றவர்கள் கண்ணில் படாதது அவள் கண்ணில் பட்டுவிடுவதாலும் அப்பா வைத்த பெயர் அது. இப்போது வீட்டில் எல்லோருக்கும் அவள் குண்டூசிதான்.

சித்திக்கு இந்த ஊர்ப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக் வேலை கிடைத்திருந்தது. இனி அவள் இங்கேயேதான் இருப்பாள் என்று குண்டூசி தன் அலமாரியில் பாதியைக் காலி செய்து கொடுத்திருந்தாள். வந்த அன்றே சித்தி, ஆடிக்கொண்டிருந்த கட்டில் காலைச் சரிசெய்தாள். கணக்கில் வரும் பின்னங்களைப் பேருந்தின் பற்சக்கரங்களை வைத்து விளக்கினாள். பாதி வழியில் நின்றுபோன பேருந்துகளின் கதைகளை, அந்தந்த ஓட்டுநரின் குரலிலேயே நடித்துக் காட்டினாள். குண்டூசி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரே ஒரு சிக்கல். சித்தி வீகன். இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல. பால், தயிர், வெண்ணெய், தேன் என்று விலங்குகளிடமிருந்து வரும் எதையும் சாப்பிட மாட்டாள். ஏன் என்று குண்டூசி முதல் நாளே கேட்டுவிட்டாள்.

"ஒரு பால் பண்ணைக்குப் பக்கத்துல கொஞ்ச நாள் குடியிருந்தேன். கன்னுக்குட்டியைப் பிரிச்சுக் கட்டிடுவாங்க. அது அம்மாவைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். அதுக்கப்புறம் எனக்குப் பால் தொண்டையில இறங்கலை. அவ்வளவுதான். வா, உன் சைக்கிளுக்கு எண்ணெய் விடலாம்" என்றாள் சித்தி.

அம்மாவுக்கும் அதில் ஒன்றும் வருத்தமில்லை. "இது என்ன பெரிய விஷயம்? என் தங்கச்சிக்குப் பிடிச்ச மாதிரி சமைக்க எனக்குத் தெரியாதா?" என்று மார்தட்டித்தான் தொடங்கினாள். ஆனால் முதல் நாள் மசித்த உருளைக்கிழங்கு, நேற்று பீன்ஸ், இன்று சூப். மூன்றிலும் வெண்ணெய் வாசனை. மூன்று நாளும் அம்மா போடவே இல்லை என்று சாதித்தாள். மூன்று நாளும் சித்தி வெறும் ரொட்டியும் தக்காளியும் தின்றுவிட்டு எழுந்தாள்.

"என்னால உனக்கு எதுக்குக்கா கஷ்டம்?" என்றாள் சித்தி. "கூட வேலை பார்க்கறவங்க, பாலத்துக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு ஒரு ரூம் இருக்குன்னு சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

"தாராளமா போ" என்றாள் அம்மா. ஆனால் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குண்டூசி கடித்த ரொட்டியைக் கீழே வைத்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கமா? அங்கே போக வேண்டுமென்றால் பேருந்து மாறி மாறிப் போக வேண்டுமே!

அவள் யோசித்தாள். அம்மா பொய் சொல்ல மாட்டாள். சித்தியின் மூக்கும் பொய் சொல்லாது. என்ஜினைத் திறக்காமலே எண்ணெய் கசிவதைக் கண்டுபிடிக்கிற மூக்கு அது. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்றால், நடுவில் வேறு ஏதோ நடக்கிறது.

மறுநாள் சனிக்கிழமை மாலை, அம்மா அடுப்பைப் பற்றவைத்ததும் குண்டூசி பட்டாணிக் கூடையுடன் சமையலறை முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"அதிசயமா இருக்கே! கூப்பிடாமலே உதவிக்கு வந்திருக்கே?" என்றாள் அம்மா.

"சும்மாதான்ம்மா."

அம்மாவுக்கு முடிதிருத்தும் கடையில் வேலை. வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். கை தன்பாட்டுக்குக் கத்தரித்துக்கொண்டிருக்கும். சமையலும் அப்படித்தான்.

"இன்னைக்கு ஒருத்தர் வந்தாரு. 'நீளம் குறையக் கூடாது, ஆனா நல்லா வெட்டணும்'ங்கறாரு. நான் எதைத்தான் வெட்டறது, காத்தையா?"

பேசிக்கொண்டே அம்மா பட்டாணியையும் உருளைக்கிழங்கையும் கிளறினாள். உப்பு போட்டாள். மிளகு தூவினாள். அடுப்பை அணைக்கும் முன் அவள் வலது கை தானாகப் பக்கத்துக்குப் போனது. அங்கே எப்போதும் இருக்கும் வெள்ளைக் கிண்ணத்தின் மூடியைத் திறந்தது. ஒரு கரண்டி வெண்ணெயை அள்ளிச் சட்டிக்குள் போட்டது. மூடியைத் திரும்ப மூடியது.

"…கடைசியில அவரு கண்ணாடியைப் பார்த்து, 'இதுதான் நான் கேட்டது'ங்கறாரு. நான் வெட்டவே ஆரம்பிக்கலை!"

"அம்மா!" என்றாள் குண்டூசி. "இப்ப வெண்ணெய் போட்டியே."

"யாரு? நானா? போடி."

குண்டூசி எழுந்து வந்து சட்டியைக் காட்டினாள். உருளைக்கிழங்கின் மேல் மஞ்சள் கட்டி ஒன்று சாவகாசமாக உருகிக்கொண்டிருந்தது.

அம்மா அதையே பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப மூணு நாளும் நான்தான் போட்டிருக்கேனா? கடவுளே! நேத்து அவகிட்ட என்ன கத்து கத்தினேன்! இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவகிட்ட சொல்றது?"

"நான் வேணா சொல்லட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். நானே சொல்றேன்."

"எப்போ?"

"சொல்றேன்டி."

பெரியவர்கள் இப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று குண்டூசிக்குத் தெரியும். அம்மா எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "இன்னைக்கு எல்லாரும் வெளியில சாப்பிடலாம்!" என்று கூவினாள்.

அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். யாரும் இரண்டாவது முறை கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

தெருமுனை உணவகத்தில் சமையலறைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே ஒரு பெரிய ஜன்னல் உண்டு. தட்டுகள் அதன் வழியாகத்தான் வெளியே வரும். குண்டூசி அந்த ஜன்னல் நேராகத் தெரியும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

சர்வர் அண்ணன் வந்ததும் சித்தி தயக்கமே இல்லாமல் பேசினாள். "அண்ணே, நான் வீகன். பால், வெண்ணெய், முட்டை, கறி எதுவும் வேண்டாம். காளானும் பட்டாணியும் போட்டு நூடுல்ஸ் கிடைக்குமா? நூடுல்ஸ்ல முட்டை சேர்க்காத வகை இருக்கா?"

"அரிசி நூடுல்ஸ் இருக்கும்மா. மாஸ்டர்கிட்ட சொன்னாப் போதும், ஜமாய்ச்சிடுவாரு" என்ற அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தினான். "மாஸ்டர்! அரிசி நூடுல்ஸ் ஒண்ணு. வெண்ணெய் போடக் கூடாது!"

"தெரியும், தெரியும்!" என்று உள்ளிருந்து ஒரு கனத்த குரல் வந்தது.

மாஸ்டர் ஆள் மலை மாதிரி இருந்தார். தோளில் ஒரு துண்டு. வாணலியை அவர் தூக்கிப் போட்டபோது நூடுல்ஸ் ஒரு குட்டிக்கரணம் அடித்துவிட்டு ஒழுங்காகத் திரும்பி வந்தது. யாரிடமோ எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே அவர் கையை நீட்டினார். ஒரு பாத்திரத்திலிருந்து வெள்ளையாக ஏதோ எடுத்து வாணலிக்குள் தட்டினார்.

குண்டூசியின் முதுகு நிமிர்ந்தது.

தட்டு வந்தது. பளபளவென்று மின்னியது. "வெண்ணெய் துளிகூட இல்லம்மா. நான் கேரண்டி" என்றான் சர்வர் அண்ணன்.

சித்தி குனிந்து மோந்தாள். தட்டை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு, "இங்க ரொட்டி இருக்கா அண்ணே?" என்று கேட்டாள்.

அம்மா மேசை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தாள்.

குண்டூசி எழுந்து நேராக ஜன்னலுக்குப் போனாள். மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று குரலைத் தணித்துக்கொண்டாள்.

"மாமா, அந்த நூடுல்ஸ்ல வெண்ணெய் விழுந்துடுச்சு."

"என்னது!" மாஸ்டருக்குக் குரலைத் தணிக்கும் பழக்கமே கிடையாது போலிருக்கிறது. "பாப்பா, இந்த அடுப்புல என்ன போடறேன், என்ன போடலைன்னு எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும் மாமா. ஆனா நீங்க பேசிக்கிட்டு இருக்கும்போது உங்க கை அதுவாப் போட்டுடுது. எங்க வீட்லயும்…" என்று தொடங்கிய குண்டூசி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கை அதுவாப் போடுதா? நல்ல கதையா இருக்கே! இன்னொரு தட்டு பண்றேன். நீ இங்கயே நின்னு பாரு."

வேறு வாணலி ஏறியது. காளான் விழுந்தது, பட்டாணி விழுந்தது, நூடுல்ஸ் விழுந்தது. மாஸ்டர் கண்கொத்திப் பாம்பாக வாணலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி வாயை மூடிக்கொண்டு சமைத்தால் கை எப்படி அதுவாகப் போடும்?

"மாமா, தீயை ஏன் இவ்வளவு பெருசா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் குண்டூசி.

"அங்கதான் சூட்சுமமே இருக்கு பாப்பா!" மாஸ்டர் முகம் மலர்ந்தது. "தீ சின்னதா இருந்தா காளான் தண்ணி விட்டுடும். வதங்காது, வெந்துடும். நான் முதன்முதலா வேலைக்குச் சேர்ந்த கடையில…"

"மாமா, உங்க கை இப்ப எங்க இருக்கு?"

மாஸ்டர் பார்த்தார். அவர் வலது கை வாணலிக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. அதில் ஒரு கரண்டி. கரண்டி நிறைய வெண்ணெய்.

அவர் அதைப் பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சர்வர் அண்ணன் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். மாஸ்டரும் சிரித்தார். பாத்திரங்கள் அதிர்ந்தன.

அதைவிடப் பெரிய சிரிப்பு ஒன்று குண்டூசியின் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அவளைக் கூப்பிட வந்த அம்மா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் இதே கைதான் மாஸ்டர்! அச்சு அசல் இதே கைதான்!"

சொல்லிவிட்டு அம்மா திரும்பி மேசைக்குப் போனாள். சித்தியின் எதிரில் நின்றாள்.

"நான்தான்டி போட்டிருக்கேன். சூப்புல, பீன்ஸ்ல, உருளைக்கிழங்குல, எல்லாத்துலயும். எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். தெரிஞ்சதும் சொல்லியிருக்கணும். வெட்கமா இருந்துச்சு."

சித்தி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"நான் மட்டும் என்ன! ஏதோ சோதனை போட வந்த அதிகாரி மாதிரி தினமும் மேசையில உட்கார்ந்து மோந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். எழுந்து வந்து உன் பக்கத்துல நின்னு சமைச்சிருக்கணும். நீ வேணும்னே செய்யறியோன்னுகூட நினைச்சேன்க்கா."

"நினைப்பேடி, நினைப்பே. சின்ன வயசுல நான் பண்ணினதெல்லாம் அப்படி."

ஜன்னலில் மாஸ்டர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். "இப்ப என்ன பாப்பா செய்யறது? இந்தக் கையைக் கட்டியா போட முடியும்?"

"வெண்ணெய்ப் பாத்திரத்தை அந்தப் பக்கம் தள்ளி வைங்க. அது இருந்த இடத்துல எண்ணெயை வைங்க. கை போனாப் போகட்டும்."

மாஸ்டர் அப்படியே செய்தார். அதே வாணலி மறுபடி அடுப்பில் ஏறியது. இந்த முறை, முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த கடையின் கதையை அவர் முழுசாகச் சொல்லி முடித்தார். நடுவில் கை வழக்கம்போல் வலதுபக்கம் போனது. ஒரு கரண்டி எண்ணெயை எடுத்துக்கொண்டு நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்தது.

பூண்டை வறுத்துத் தூவி, மாஸ்டரே தட்டைக் கொண்டுவந்து சித்தியின் முன் வைத்தார். சித்தி மோந்து பார்க்கவில்லை. நேராகச் சாப்பிடத் தொடங்கினாள். தட்டு காலியாகும்வரை தலையே நிமிரவில்லை.

"அந்த முதல் தட்டை என்ன பண்றது?" என்று கேட்டான் சர்வர் அண்ணன்.

"அதை யோசிச்சுத்தான் நான் எதுவும் ஆர்டர் பண்ணலை" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுச் சமையலறையில் கால் வைக்க இடமில்லை. வெண்ணெய்க் கிண்ணம் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டுக்குக் குடிபோயிருந்தது. சித்தி ஊறவைத்த முந்திரியைக் கெட்டியாக அரைத்தாள். அம்மா அதைக் காளான் சூப்பில் கலந்து, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

"என்னடி இது, பாலாடை போட்ட மாதிரியே இருக்கு!"

"அதுக்குள்ள புகழாதேக்கா. உப்பு போட மறந்துட்டேன்."

"அதை என் கை போட்டிருக்கும், பேசாம இரு."

அடுப்பில் பொரிந்த உருளைக்கிழங்கைக் குண்டூசியும் சித்தியும் ஆறும்வரைகூடப் பொறுக்காமல் எடுத்து எடுத்துத் தின்றார்கள். அப்போது சித்தியின் போன் அடித்தது. பணிமனைத் தோழிதான். அறையின் சொந்தக்காரர் காத்துக்கொண்டிருக்கிறாராம். எப்போது வருகிறாய் என்று கேட்டாள்.

குண்டூசி மெல்வதை நிறுத்தினாள். அம்மா கிளறுவதை நிறுத்தினாள்.

"நான் வரலை" என்றாள் சித்தி.

வாய் நிறைய உருளைக்கிழங்கு இருந்ததால் தோழிக்கு அது புரியவில்லை. சித்தி அதை நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு முறை சொன்னாள்.