சூலத்தைச் சுற்றி இரண்டு சுற்று

"அவர் கையில இருக்கிறது எங்க ஊர் கார் சின்னம், டீச்சர்."

நோர்மா இதைச் சொன்னபோது யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. மோடெனா நகரத்திலிருந்து பொலோன்யா நகரத்துக்குக் குடிவந்து அவளுக்கு மூன்றே நாள் ஆகியிருந்தது. வகுப்பு முழுவதையும் டீச்சர் சதுக்கத்துக்கு அழைத்து வந்திருந்தார். நீரூற்றின் உச்சியில் நிற்கும், ஊர்க்காரர்கள் 'ராட்சசன்' என்று அழைக்கும் கடல் தெய்வச் சிலையைக் காட்டி, "வலது கையில் என்ன வைத்திருக்கிறார்?" என்று கேட்டார். நோர்மாவுக்குப் பதில் தெரியும். அந்த மூன்று முனைச் சூலத்தைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். அவளுடைய அப்பா ஆத்தோஸ், மோடெனாவில் மசெராட்டி கார்களைப் பழுது பார்த்தவர். ஒவ்வொரு காரின் மூக்கிலும் அதே சூலம்தான்.

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு இருபத்தெட்டுப் பேரும் சிரித்தார்கள்.

"அவருக்கு நானூறு வயசு," என்றான் அர்ரீகோ. வகுப்பிலேயே உயரமானவன், குரலும் பெரியது. "எங்க வாளியத் திருடினீங்க. இப்ப எங்க ராட்சசனோட சூலமும் உங்களோடதா?"

அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த ஒரு சண்டையில், மோடெனா வீரர்கள் பொலோன்யாவின் கிணற்று வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னும் திருப்பித் தரவில்லை. பொலோன்யாக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து நோர்மாவின் பெயர் 'வாளி' ஆகிவிட்டது.

வகுப்பில் இருபத்தெட்டுப் பேர் இருந்தவரை எல்லாம் சரியாக இருந்தது. இருவர் இருவராகப் பெஞ்சு, இருவர் இருவராக வரிசை. நோர்மா வந்ததும் இருபத்தொன்பது. "ஒரு ஆள் கூடுதலா இருக்கே," என்று முதல் நாளே யாரோ முணுமுணுத்தார்கள். கடைசி பெஞ்சில் அவள் தனியாக உட்கார்ந்தாள். வெளியே போகும்போது டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நடந்தாள். பத்து வயதில் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது எவ்வளவு சங்கடம் என்று நடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பள்ளி மதியமே முடிந்துவிடும். அம்மா காலுறைத் தொழிற்சாலையிலிருந்து வர ஆறு மணியாகும். அப்பா அதற்கும் மேல். மூன்றாவது மாடியில், ரொட்டியும் மொர்த்தடெல்லா இறைச்சித் துண்டும் தட்டில் மூடியிருக்கும். சாப்பிட்டுவிட்டு நோர்மா ஜன்னலில் உட்காருவாள். கீழே வளைவு வளைவாகக் கூரை மூடிய நடைபாதையில் பிள்ளைகள் பந்து உதைக்கும் சத்தம் கேட்கும். ஆட்கள் தெரியமாட்டார்கள். சத்தம் மட்டும்தான்.

வாசல் அழைப்புமணியில் முன்பு குடியிருந்தவரின் பெயரே இருந்தது. அதனால்தான் யாரும் வரவில்லையோ என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு தாளில் 'நோர்மா, மூன்றாவது மாடி' என்று அழகாக எழுதி, பழைய பெயரின் மேல் ஒட்டினாள். இரண்டு வாரத்தில் மணி ஒரே ஒரு முறை அடித்தது. அது தபால்காரர், இரண்டாவது மாடிக்கு வந்தவர்.

ஒரு மாலை அவள் அப்பாவிடம், யார் யாரைப் பார்த்து அந்தச் சூலத்தைச் செய்தார்கள் என்று கேட்டாள்.

அப்பா கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "உன் கூட்டாளிங்க சொன்னதுதான் சரி. கார் செஞ்ச அண்ணன் தம்பிங்க இந்த ஊர்க்காரங்க. அதுல ஒருத்தர் படம் வரையிறவர். சதுக்கத்துல இருக்கிற அவரப் பார்த்துத்தான் சூலத்த வரைஞ்சாரு. அப்புறம்தான் பட்டறை நம்ம ஊருக்கு வந்துச்சு."

"அப்ப அது இங்க பொறந்து அங்க குடிபோச்சு," என்றாள் நோர்மா. "நான் அங்க பொறந்து இங்க வந்துட்டேன்."

அப்பா கைதுடைத்த துணியைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து போய், தன் கருவிப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழைய சின்னத்தை எடுத்து வந்தார். முட்டை வடிவம், நடுவில் சிவப்புச் சூலம், ஓரத்தில் ஒரு நசுங்கல். உடைந்த கார் ஒன்றிலிருந்து கழற்றியதாம். அன்று முதல் அது பள்ளிக்கு நோர்மா அணியும் கறுப்பு மேலங்கியின் பையில் இருந்தது. கூட்டம் விளையாடும்போது அவள் பைக்குள் கையை விட்டு மூன்று முனைகளையும் தடவிப் பார்ப்பாள்.

ஜூன் மாதம் வந்தது. ஐந்தாம் வகுப்புப் பரீட்சை.

பொலோன்யாவில் பரீட்சைக்கு முன்னால் ராட்சசனை இரண்டு முறை சுற்ற வேண்டும். அவர் எப்போதும் நம் இடது கைப் பக்கமே இருக்க வேண்டும். பெரிய பல்கலைக்கழக மாணவர்களே சுற்றுவார்கள் என்றால் ஐந்தாம் வகுப்பு சும்மா இருக்குமா? ஏழரை மணிக்கு எல்லோரும் சதுக்கத்துக்கு வந்துவிட வேண்டும் என்று பேச்சு. நோர்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அவளாகவே வந்து தூணோரம் நின்றாள். எல்லோரும் போன பிறகு தனியாகச் சுற்றிக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தாள்.

ஆனால் யாருமே சுற்றவில்லை.

இரவில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டதாம். நீரூற்றின் ஒரு பக்கம், எதிர்க் கட்டடத்தின் சுவர் வரைக்கும் பெரிய பள்ளம். பலகை வைத்து அடைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற தாத்தாக்கள் மூவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எப்படித் தோண்ட வேண்டும் என்று வேலைக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேலைக்காரர்கள் காது கேட்காததுபோல் தோண்டினார்கள்.

பாதிச் சுற்றுப் போய்த் திரும்பி வரலாமே என்றாள் ஒரு பெண்.

"போனது திரும்பி வந்தா கழிஞ்சிடும்," என்றான் அர்ரீகோ. "ஒண்ணும் மிஞ்சாது."

அவன் குரல் சின்னதாகிவிட்டிருந்தது. போன வருடம் தாமதமாக எழுந்து, ஒரே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பரீட்சைக்கு ஓடியவன் அவன். தோற்றான். இந்த வருடமும் தோற்றால், அவன் தம்பி அவனோடு அதே வகுப்பில் உட்காருவான். தம்பிக்கு இப்போதே ஏக குஷி.

அர்ரீகோ படியில் உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது. கைகளைத் தொடைக்கடியில் வைத்து மறைத்துக்கொண்டான்.

நோர்மா பார்த்தாள். மூன்றாம் நாள், இதே இடத்தில், எல்லோரும் சிரித்தபோது அவளும் கைகளை இப்படித்தான் மறைத்தாள். போகட்டும் என்று ஒரு நொடி நினைத்தாள். பள்ளிக் கதவு திறந்திருக்கும். யாரும் அவளைத் தேடமாட்டார்கள்.

அவள் படியருகே போனாள். பையிலிருந்து சின்னத்தை எடுத்துத் தரையில், கல்லின் மேல் வைத்தாள்.

"இதுவும் அவரோடதுதான்," என்றாள். "அவரப் பார்த்துத்தான் வரைஞ்சாங்க. இத சுத்தலாம்."

அர்ரீகோ குனிந்து பார்த்தான். பிறகு அண்ணாந்து ராட்சசனைப் பார்த்தான். அவர் இடது கையை நீட்டி, 'சரி சரி, சத்தம் போடாதீங்க' என்பதுபோல் நின்றார்.

"மூணு முனை," என்றான் அர்ரீகோ. "சரியா இருக்கு."

"ரொம்பச் சின்னதா இருக்கே," என்றான் இன்னொருவன்.

"அப்ப நீ சின்னதா பாஸ் பண்ணு," என்றபடி எழுந்தான் அர்ரீகோ.

இவ்வளவு சின்னப் பொருளை இருவர் இருவராகச் சுற்ற முடியாது. எல்லோரும் கைகோத்து ஒரே வட்டமானார்கள். வட்டத்துக்கு ஒற்றைப்படை, இரட்டைப்படை கிடையாது. நோர்மா விலகி நிற்கப் பார்த்தபோது, அர்ரீகோ ஈரமான உள்ளங்கையை நீட்டினான்.

"வாளி, கைய குடு. நேரமாச்சு."

சுற்றினார்கள். தாத்தாக்கள் பள்ளத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். "இடது பக்கம், இடது பக்கம்," என்றார் ஒருவர். "இன்னொரு சுத்து பாக்கி, ஓடிடாதீங்க," என்றார் மற்றவர்.

கணக்குத் தாளில் ஐந்தாவது கேள்வி: ஒரு தொட்டியை நிரப்ப எத்தனை வாளித் தண்ணீர் வேண்டும்? அர்ரீகோ தலையைத் திருப்பி நோர்மாவைப் பார்த்தான். இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீச்சர் மேசையைத் தட்டினார்.

சனிக்கிழமை முடிவுகளை ஒட்டினார்கள். நோர்மாவின் பெயர் இருந்தது. அர்ரீகோவின் பெயரும் இருந்தது. கடைசிக்கு முந்தியது என்றாலும் இருந்தது. அவள் திரும்புவதற்குள் கூட்டம் கத்திக்கொண்டே எங்கோ ஓடிவிட்டது. பள்ளி வாசல் காலியாகக் கிடந்தது.

அவ்வளவுதான், இரண்டு சுற்றுதான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். தட்டைத் திறந்தாள். ரொட்டியைத் தின்றாள். ஜன்னலில் உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்கு அழைப்புமணி அடித்தது. தபால்காரராக இருக்கும் என்று அவள் எழவில்லை. மறுபடி அடித்தது. பிறகு விடாமல் அடித்தது.

எட்டிப் பார்த்தாள். நடைபாதைக்கு வெளியே, வெயிலில், அர்ரீகோ பந்தோடு நின்றான். பின்னால் நாலைந்து பேர்.

நோர்மா சின்னத்தைத் தூக்கிக் காட்டினாள். "இதுதான வேணும்? போடட்டுமா?"

"அது பரீட்சைக்கு," என்று கத்தினான் அர்ரீகோ. "நீ கீழ வா, நோர்மா. எங்களுக்கு ஒரு ஆள் குறையுது."