வானம் தெரியும் பந்தல்

துபாயில் தான் குடியிருக்கும் கட்டடத்தில் தனக்குத் தெரியாமல் ஓர் ஈ கூட நுழைய முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள் ஃபஸ்னா. கீழ்த்தளத்தில் இருந்தது வாப்பாவின் மளிகைக் கடை. அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், நாற்பது வீட்டுச் செய்தியும் தானாக நடந்து வரும்.

ஆனால் அந்த வாரம் நடந்தது மட்டும் அவளுக்குப் புரியவில்லை.

ஒன்பதாம் மாடி எஸ்தரும் அவளும் ஒரே வகுப்பு. எஸ்தர் வீட்டார் யூதர்கள். அக்கம்பக்கத்து யூதக் குடும்பங்கள் ஏழெட்டுச் சேர்ந்து, கட்டடத்துக்குப் பின்னால் புல்வெளியில் ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். சுற்றிலும் துணி, மேலே பேரீச்ச ஓலை.

“எங்க பண்டிகை இது. ஒரு வாரம் இதுலதான் சாப்பிடுவோம்,” என்றாள் எஸ்தர். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள்; நமக்காகத் தமிழில் சொல்கிறேன். “அந்தக் காலத்துல எங்க முன்னோர்களுக்கு வீடே இல்லை. பாலைவனத்துல நாற்பது வருஷம் இப்படித்தான் இருந்தாங்க. அதை மறக்கக் கூடாது.”

ஏசி ஓடும் வீட்டை விட்டுவிட்டு, வீடில்லாத காலத்தை நினைப்பதற்காக வேர்க்க வேர்க்க வெளியே உட்காருகிறார்களா? ஃபஸ்னாவுக்கு மெய்சிலிர்த்தது.

விருந்தாளி இல்லாமல் அந்தப் பந்தலில் சாப்பிடுவது அழகல்லவாம். கட்டடத்தில் வேலை செய்யும் ஆறு பேரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைப்பது என்று இந்த வருடம் எல்லோரும் கூடி முடிவு செய்திருந்தார்கள்.

முதல் நாள் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாளும் ஆறு தட்டுகள் காலியாகவே இருந்தன.

“நம்ம சாப்பாடு அவங்களுக்குப் பிடிக்கலையோ?” என்று வருந்தினார் எஸ்தரின் அம்மா மிரியம்.

சாப்பிட்டுப் பார்த்தால்தானே பிடிக்காமல் போகும் என்று ஃபஸ்னா யோசித்தாள்.

மூன்றாம் நாள் காலையில் பந்தலுக்குப் போன எஸ்தர், போன வேகத்தில் திரும்பி ஓடி வந்தாள். ஓலைக்கு மேல் யாரோ பெரிய நீலத் தார்ப்பாய் ஒன்றை விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

“கூரை வழியா வானம் தெரியணும். இல்லைன்னா இது எங்க பந்தலே இல்லை. யார் இப்படிச் செய்தது?” எஸ்தரின் கண்ணில் நீர் முட்டியது.

ஃபஸ்னா கயிற்றின் முடிச்சைப் பார்த்தாள். செடிகளுக்குக் குச்சி நட்டுக் கட்டும்போது தோட்டக்காரர் சோலைமுத்து போடும் முடிச்சு அது. கமுதிப் பக்கத்துக்காரர், வாப்பா கடைக்கு அடிக்கடி வருவார். நேராக அவரிடம் போனாள்.

“மாமா, பந்தல் மேல தார்ப்பாய் கட்டுனது நீங்களா?”

“ஆமா பாப்பா.” சோலைமுத்துவின் முகத்தில் பெருமை வழிந்தது. “கூரை ஒரே பொத்தலா இருந்துச்சு. பாவம், பந்தல் போடத் தெரியாதவுக போலன்னு டூட்டிக்கு முன்னாடியே வந்து கட்டிட்டேன். சோத்துக்குக் கூப்பிட்டவுகளுக்கு நாமளும் ஏதாச்சும் செய்யணும்ல?”

ஃபஸ்னாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஓடிப்போய்த் தார்ப்பாயை அவிழ்த்தார். எஸ்தருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“அப்ப ஏன் மாமா சாப்பிட வரல?”

“அங்க நாங்க உக்காரக் கூடாது பாப்பா. குடியிருக்கவுக இடத்துல உக்காந்தா கம்பெனிக்குக் கம்ப்ளைண்ட் போயிரும். ரெண்டு கம்ப்ளைண்ட் வந்தா கலாஸ், சோலி முடிஞ்சுது, ஊருக்கு டிக்கெட்டுதான்.”

“பிறகு எங்க சாப்பிடுறீங்க?”

அவர் அவளைக் கீழே வண்டி நிறுத்தும் தளத்துக்குக் கூட்டிப் போனார். குப்பைத் தொட்டிகள் வைக்கும் அறைக்கு வெளியே, சுவர் ஓரமாக ஆறு தூக்குவாளிகள் தொங்கின. உட்கார ஒன்றுமே இல்லை. வாடை குமட்டியது.

ஃபஸ்னா சுற்றிலும் பார்த்தாள். ஆறு வருடமாக இதே கட்டடத்தில் இருக்கிறாள். இது அவளுக்குத் தெரியவே தெரியாது.

“உங்களுக்கு என்ன மாமா வேணும்?”

சோலைமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலும்.

“சோறு நாங்களே கொண்டாந்துருவோம். உக்கார ஒரு எடம், ஒரு ஃபேன். அம்புட்டுதான்.”

அன்று டூட்டி முடிந்ததும் மிரியம் அவரைப் பந்தலுக்கு அழைத்தார். உட்காரச் சொல்லியும் சோலைமுத்து நின்றுகொண்டே பேசினார். ஃபஸ்னா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். முப்பது பேர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஒரு தோட்டக்காரர் பேச்சை இத்தனை பேர் வாய் திறக்காமல் கேட்பதை அவள் பார்த்ததே இல்லை. ஓலை இடுக்கில் முதல் நட்சத்திரம் தெரிந்தது.

“என்ன வேணும்னு கேட்காமலே சமைச்சுட்டோம்,” என்றார் மிரியம். “நாளைக்கு எல்லாரும் சேர்ந்து மேனேஜரைப் பார்ப்போம்.”

மறுநாள் மேலாளர் கௌஸ் முகம்மதுவின் சின்ன அறையில் நிற்க இடமில்லை. வாப்பாவும் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

“லிஃப்ட் பக்கத்துல ஒரு ஸ்டோர் ரூம் பூட்டியே கிடக்கே,” என்றாள் ஃபஸ்னா.

“கிடக்குதும்மா. ஆனா குடியிருக்கிறவங்களுக்குப் பிடிக்காது.”

“யாருக்கு?”

மேலாளர் யோசித்தார். ஒரு பெயரும் வாயில் வரவில்லை. “எல்லாருக்கும்தான்.”

“அப்ப எல்லாரையும் கேட்டுட்டு வந்துடறோம்.”

வேலையாட்கள் உட்கார்ந்து சாப்பிட ஸ்டோர் ரூமைத் திறந்துவிடும்படி ஒரு தாளில் ஃபஸ்னா எழுதினாள். எஸ்தரும் அவளும் நாற்பது கதவையும் தட்டினார்கள். நான்காம் மாடி நாகவள்ளி அத்தை மாவுக் கையோடு போட்ட கையெழுத்தில் மாவும் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் மாடிப் பெரியவர், “நான் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று கதவைச் சாத்தினார். பிறகு அவரே திறந்து, தன் பழைய மேசை விசிறியை எடுத்துக் கொடுத்தார். மூன்று வீடுகள் பூட்டியிருந்தன. முப்பத்தாறு கையெழுத்துகள் சேர்ந்தன.

தாளை மேலாளர் இரண்டு முறை படித்தார். “முதலாளிக்கு அனுப்புறேன்,” என்றார்.

பண்டிகை முடிந்து பந்தலைப் பிரித்துவிட்டார்கள். பதில் வரவில்லை. சோலைமுத்துவும் ஒன்றும் கேட்கவில்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஃபஸ்னாவுக்குத்தான் சங்கடமாக இருந்தது.

தாளைக் கொடுத்த ஒன்பதாம் நாள் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கியவளிடம் வாப்பா, “லிஃப்ட் பக்கம் போய்ப் பாரு,” என்றார்.

ஸ்டோர் ரூம் திறந்திருந்தது. உள்ளே இரண்டு பெஞ்சு, கீழே ஒரு பாய். விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சோலைமுத்து பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, பாயில் சம்மணம் போட்டுத் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தார்.

அவர் உட்கார்ந்து ஃபஸ்னா பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஊரில் அவர் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கும் அப்பா இப்படித்தான் இருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. கூப்பிட நினைத்தவள், சத்தமில்லாமல் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

சோலைமுத்து ஒரு கவளம் உருட்டினார், வாயில் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டு அவசரமே இல்லாமல் மென்றார்.