சக்கரம் தொடாத விரல்

குண்டூசி என்பது அவளுக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர். ஆளும் ஒல்லி, நாக்கும் கூர்மை. ஆனால் சில வாரங்களாக அவள் அதிகம் வாய் திறப்பதில்லை. பேசினால் பசி கூடுகிறது.

விலைவாசி எகிறியதில் பாத்திரம் வாங்க ஆளில்லை. பாத்திரப் பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. அங்கே மெருகு போட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு அத்தைக்கும் வேலை போனது. வீட்டில் தம்பி வெறும் பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கம் ரேஷன் கடையில் அரிசி கொடுத்தது. இன்றுதான் கடைசி நாள். குண்டூசியோடு வரிசையில் நின்ற அம்மா, முறை வந்ததும் ரேகை பார்க்கும் கருவியில் கட்டை விரலை வைத்தாள். "பொருந்தவில்லை" என்றது கருவிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல். ஆள்காட்டி விரலுக்கும் அதே பதில்தான்.

"ரேகை விழலம்மா. நீங்கதான்னு இது ஒத்துக்கணுமே, நான் என்ன பண்ண? தள்ளுங்க" என்றார் அரிசி கொடுப்பவர். அவர் கெட்டவர் இல்லை. பின்னால் நின்ற கூட்டம் அவர் உயிரை எடுத்தது. காலையில் அத்தையும் இப்படித்தான் வெறும் பையோடு திரும்பிப் போயிருந்தாள்.

அம்மா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழாமல் இருந்ததுதான் குண்டூசிக்குப் பயமாக இருந்தது. அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். விரல் நுனிகள் புதுத் தட்டு மாதிரி வழவழவென்று இருந்தன. பட்டறைச் சக்கரம் பாத்திரத்தோடு சேர்த்து விரலுக்கும் மெருகு போட்டிருந்தது. சுண்டு விரலில் மட்டும் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன.

"இது மட்டும் ஏம்மா தேயல?"

"சக்கரம் இழுத்துடும்னு அதைத் தூக்கியே வச்சிருப்போம். மெருகு போடுற எல்லாரும் அப்படித்தான்."

"பேர் பதியறப்ப பத்து விரலையும்தானே வாங்கினாங்க? எழுந்திரும்மா."

மறுபடி உள்ளே நுழைந்ததும் வரிசையில் இருந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒரே ஒரு விரல்தான், உடனே போய்விடுவோம் என்று குண்டூசி ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள். அம்மா சுண்டு விரலை வைத்தாள். கருவி நிதானமாக யோசித்தது. அதற்கென்ன, அதற்குப் பசியா எடுக்கிறது? கடைசியில் "பொருந்தியது" என்றது.

அம்மா அரிசியோடு தம்பியிடம் விரைந்தாள். குண்டூசிக்கும் வயிறு காந்தியது, ஆனால் மனசு கேட்கவில்லை. அத்தை வீட்டுக்கு ஓடினாள்.

அத்தை இருட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். விஷயத்தைச் சொல்லியும் அசையவில்லை.

"அத்தனை பேர் முன்னாடி நான் நானில்லைன்னு சொல்லிடுச்சு. திருட வந்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாங்க. இனிமே அங்க வரமாட்டேன்."

குண்டூசி வாதாடவில்லை. கையைப் பிடித்து எழுப்பி, தெரு முழுக்க இழுத்துக்கொண்டே வந்தாள். கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. அரிசி கொடுப்பவர் முணுமுணுத்துக்கொண்டே அதைத் திரும்ப ஏற்றினார்.

அத்தையின் சுண்டு விரலும் பொருந்தியது. அவர் அரிசியை அளந்து பையில் போட்டார். அத்தையோ பையை எடுக்காமல் மறுபடி விரலை நீட்டினாள்.

"அரிசி வந்துடுச்சேம்மா."

"தெரியும். நான்தான்னு இன்னொரு தடவை சொல்லட்டும்."

அவர் கருவியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.