முதல் பிரதி வாங்குபவன் சாவான்!

"அப்பா, எண்ணெய் விலை விழுந்தால் ஆருக்கு நோகும்?"

ஏழு வயதில் எலிசா கேட்ட கேள்வி அது.

"ஒருத்தருக்கும் நோகாது, செல்லம். அது வெறும் இலக்கம்" என்று சிரித்துவிட்டு, பேனாட் தன் முதல் புத்தகத்தின் அடுத்த வரியை எழுதினார்.

அந்த எலிசா இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். முதலீட்டாளர்களுக்காகப் பேனாட் எழுதிய இரண்டாவது புத்தகம், 'எரிசக்தி, அரசியல், உங்கள் பணம்', இன்று மாலை மொன்றியலின் வில்லரே பகுதியில், மாதா கோவில் மண்டபத்தில் வெளியாகிறது.

காலைச் செபம் முடித்துப் பேனாட் எழுந்தார்.

போன் அலறியது!

"ஹலோ?"

மூச்சுச் சத்தம்... துணியால் பொத்திய வாயிலிருந்து வருவது போல ஒரு குரல்.

"முதல் பிரதி வாங்கிறவன்... மேடையால உயிரோட இறங்கமாட்டான்!"

"ஆர்... ஆர் கதைக்கிறது?"

"விழாவை நிப்பாட்டு!"

குரலுக்குப் பின்னால் மூன்று மெல்லிய ஸ்வரங்கள். மெட்ரோ ரயில் கிளம்பும்போது எழும் அதே ஓசை.

தொடர்பு அறுந்தது.

பேனாட்டின் உள்ளங்கை வியர்த்தது. வெளியே மைனஸ் இருபது!

"ஆரப்பா?" மனைவி அஜிதா கையில் கரண்டியோடு வந்தாள்.

சொன்னார்.

கரண்டி விழுந்தது.

"ஐயோ மாதாவே! முதல் பிரதி வாங்கிறது பேரின்பநாதன் அண்ணையெல்லே!"

ஆம். வில்லரேயில் யார் புத்தகம் வெளியிட்டாலும் முதல் பிரதி அவருக்குத்தான். பலசரக்கு மொத்த வியாபாரம் செய்து ஓய்ந்தவர். மேடையேறுவார். பணம் வைத்த கனத்த என்வலப்பை நீட்டுவார். கைதட்டல் கூரையைப் பிளக்கும்.

"நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் விண்டர், அஜிதா... பஸ் ஸ்டாப்பில விறைச்சுப்போய் நிண்டனான். என்னை ஆரெண்டே தெரியாத இந்த மனிசன், தன்ர கிளவுஸைக் கழட்டி என்ர கையில மாட்டிவிட்டிட்டு வெறுங்கையோட நடந்து போனவர். அவருக்கு ஒண்டு நடந்தால்..."

பேரின்பநாதனின் எண்ணை அழுத்தினார்.

"அண்ணை, இண்டைக்கு வராதேங்கோ. உங்களைக் கொல்லுவன் எண்டு ஆரோ வெருட்டுறான்."

மறுமுனையில் பேரின்பநாதன் தொண்டையைச் செருமினார்.

"அப்ப விழாவை நிப்பாட்டுறியோ, தம்பி?"

"போலீசுக்குச் சொல்லப்போறன்."

"போலீஸ் ஏன்? நிப்பாட்டு. உயிரைவிடப் புத்தகம் பெரிசே?"

"நிப்பாட்டக் கூடாது!" பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எலிசா அப்பாவின் கையைப் பிடித்தாள். "இண்டைக்குப் பயந்தமெண்டால் நாளைக்கு இன்னொருத்தரை வெருட்டுவாங்கள்."

மாலை.

மண்டப வாசலில் ஒரு போலீஸ் அதிகாரி, கையில் காப்பியோடு. உள்ளே கூட்டம் வழிந்தது. அறிவிப்பாளர் றூபன் விஷயத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். புத்தகத்துக்காக வராதவர்களும் கொலைக்காக வந்திருந்தார்கள்!

"இப்பொழுது முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள, திரு. பேரின்பநாதன் அவர்கள்..."

முன்வரிசை நாற்காலி காலி.

"பயந்திட்டார்" என்று யாரோ கிசுகிசுத்தார்.

"சரி... வீடு விற்பனை முகவர் திரு. நகுலேஸ்வரன் அவர்கள்..."

"எனக்கு மேடை எண்டாலே கால் நடுங்கும், தம்பி."

"போன கிழமை மூண்டு மேடையில ஏறினீங்களே!"

"அதுதான் இப்ப நடுங்குது!"

யாரும் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அஜிதாவின் செபமாலை விரல்களில் வேகமாக ஓடியது.

பேனாட் கையில் முதல் பிரதி. ரிப்பன் கட்டிய பிரதி. அது நடுங்கியது.

ஒரு உருவம் மேடைப் படி ஏறியது.

எலிசா!

"நான் வாங்கிறன், அப்பா."

"வேண்டாம்! இறங்கு பிள்ளை!"

"தாங்கோ."

அவள் கை நீண்டது...

படார்!

பின்கதவு சுவரில் மோதியது!

வீல் என்று அஜிதா அலறினாள்.

கறுப்புக் கோட். முகத்தை மறைத்த தொப்பி. நெடிய உருவமொன்று நாற்காலிகளுக்கு நடுவே மேடையை நோக்கி ஓடி வந்தது. வலது கை கோட் பைக்குள்!

காப்பிக் கோப்பை தரையில் சிதறியது. அதிகாரியின் கை இடுப்புக்குப் போனது. பிரெஞ்சில் கத்தினார்.

உருவம் நிற்கவில்லை. மேடையில் தாவியது. எலிசாவை ஒரு பக்கம் தள்ளியது. பைக்குள்ளிருந்து கையை உருவியது...

ஒரு என்வலப்!

தொப்பி சரிந்தது.

பேரின்பநாதன்!

"பிள்ளை வேண்டாம்! முதல் பிரதி... எனக்கு!" அவருக்கு மூச்சு வாங்கியது.

அடுத்த கணம் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. சாவுக்கே அஞ்சாத மனிதர்! நகுலேஸ்வரன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

பேனாட் மட்டும் தட்டவில்லை.

அவர் விரல்களுக்கு நடுவே அந்த என்வலப் காற்றைப் போல இலேசாக இருந்தது. பேரின்பநாதனின் கைகள் குளிரில் சிவந்து வெடித்திருந்தன. காற்சட்டை விளிம்பெல்லாம், பனி உருக நடைபாதையில் தூவும் உப்பின் வெள்ளைக் கறை.

பெரிய கறுப்பு ஜீப்பில் வரும் மனிதர்... நடந்து வந்திருக்கிறார்.

விழா முடிந்தது. கோட்டுகள் தொங்கும் சிறிய அறையில் பேனாட் அவரைப் பிடித்தார். கதவைச் சாத்தினார்.

"ஜீப் எங்க, அண்ணை?"

"அங்கால... நிப்பாட்டியிருக்கு."

"வித்துப்போட்டீங்கள். மெட்ரோவில வந்து இறங்கி நடந்தனீங்கள். காலமை எனக்குப் போன் எடுத்ததும் மெட்ரோவில இருந்துதான். அந்த மூண்டு சத்தம் எனக்குக் கேட்டது."

பேரின்பநாதன் கோட்டுகளுக்கு நடுவே அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

"என்னைப் பிடிச்சுக் குடு, தம்பி."

"ஏன் அண்ணை? என்னில என்ன கோபம்?"

"கோபமில்லையடா... வெக்கம். உன்ர முதல் புத்தகத்தை நான் வேதம் மாதிரி வாசிச்சன். எண்ணெய் எழும்பும் எண்டு எழுதினாய். கடை வித்த காசு முழுக்க எண்ணெய்க் கிணத்துப் பங்கில போட்டன். விலை விழுந்தது... நானும் விழுந்தன்."

எலிசாவின் ஏழு வயதுக் குரல் பேனாட்டின் காதுக்குள் கேட்டது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லுறதோ? நீ கோவிலில என்னைக் காணேக்க எல்லாம், 'இவர்தான் என்ர கையை விறைக்க விடாதவர்' எண்டு சனத்துக்குக் காட்டுவாய். வெறும் என்வலப்போட எப்பிடி மேடையேற? உயிர்ப் பயமெண்டால் நீ நிப்பாட்டுவாய் எண்டு நினைச்சன். வெளியில நிண்டு கண்ணாடிக்குள்ளால பாத்தன். உன்ர பிள்ளை ஏறினாள். நீ நடுங்கினாய். என்னால தாங்கேலாமல் போச்சு."

கதவு தட்டப்பட்டது.

போலீஸ் அதிகாரி! எட்டிப் பார்த்தார். மிரட்டியவனைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார்.

பேரின்பநாதன் கண்களை மூடிக்கொண்டார்.

"தெரிந்துவிட்டது" என்றார் பேனாட் பிரெஞ்சில். "குடும்பத்து ஆள்தான். கோபத்தில் இல்லை, கவலையில் பேசியது. முறைப்பாட்டை நான் திரும்பப் பெறுகிறேன். மெர்சி."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தோளைக் குலுக்கினார். போய்விட்டார்.

"என்னைக் குடும்பம் எண்டனீ..." பேரின்பநாதனின் குரல் உடைந்தது.

"எழும்புங்கோ அண்ணை. சனம் உங்களோட போட்டோ எடுக்க நிக்குது."

மறுநாள் விடியற்காலை.

பேரின்பநாதனின் வீட்டு வாசலில், பனியை மிதித்து ஒரு ஜோடிச் சப்பாத்துத் தடம் வந்து திரும்பியிருந்தது. தபால் பெட்டிக்குள், முந்தைய நாள் மேடையில் புத்தகம் வாங்கியவர்கள் பேனாட்டுக்குத் தந்த என்வலப்புகள் அத்தனையும், ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல். அவற்றின் மேல் புதிதாக ஒரு ஜோடிக் கம்பளிக் கையுறை. பெயர் இல்லை. கடிதம் இல்லை.

தெருவில் ஒரு ஈ, காக்காய் இல்லை. பொழிந்த பனி, கொஞ்ச நேரத்தில் அந்தத் தடத்தையும் மூடிவிட்டது.

அன்று மொன்றியலில் விழுந்தது வெப்பநிலை மட்டும்தான்... நல்லவேளை, அதற்குப் பேனாட்டின் புத்தகம் பொறுப்பல்ல!