பதினேழாம் கூப்பு ரோடு

திரையில் இருந்த கோடு நேற்றைவிட நீண்டிருந்தது. இரண்டு விரற்கடைதான். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் பாண்டியராஜன் இருபத்திரண்டு வருடமாகக் காட்டுக்குள் ரோடு போடுகிறவர். காட்டுக்குப் போய் அல்ல. கோச்சடையில் தன் வீட்டு முன்னறையில், ஃபேனுக்கு அடியில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து போடுகிறவர். மேற்கு மலையில் தோட்டமரம் வளர்க்கும் ஒரு கம்பெனிக்கு அடுத்த முப்பது வருடத்துக்கான திட்டம் அவருடையது. எந்த வருடம் எந்தப் பகுதியை வெட்டுவது, லாரி எந்த வழியாக இறங்குவது, எந்த ஓடையில் எங்கே குழாய் பதிப்பது, எல்லாம் அவர் தலையில்தான். தன் கையால் போட்ட கோடு தானாக வளர்ந்தால் அவருக்குத் தெரியாமல் போகுமா என்ன?

வளர்ந்திருந்தது பதினேழாம் நம்பர் கூப்பு ரோடு.

வெட்டுவதற்கென்று ஒதுக்கும் பகுதிக்குக் கூப்பு என்று பெயர். அந்த வருடத்துக்கு மட்டும் அங்கே ஒரு ரோடு திறப்பார்கள். கடைசி லாரி இறங்கியதும் மூடிவிடுவார்கள். மூடுவது என்றால் கேட் போட்டுப் பூட்டுவது அல்ல. குழாய்களைப் பிடுங்கிவிட்டு, ரோட்டுக்குக் குறுக்கே ஜேசிபியால் ஆளுயரத்துக்கு மேல் பள்ளம் வெட்டிவிடுவது. மழைத்தண்ணீர் ரோட்டை அரிக்காது, மரம் திருடுகிறவன் வண்டியும் நுழையாது. புதுக் கன்றுகள் மரமாகும்வரை பத்துப் பதினைந்து வருடம் அந்த ரோட்டுக்கு வேலை இல்லை. உண்ணிச்செடி மண்டிவிடும். கிட்டப் போய் நின்றால்கூடப் பள்ளம் இருப்பது தெரியாது.

சோணைக்கும் தெரியவில்லை.

சோணை டி. கல்லுப்பட்டிக்காரன். முப்பத்தெட்டு வயது. பதினான்கு வருடமாக அவருக்குக் காலாக இருந்தவன். இவர் இங்கே கோடு போடுவார். அவன் அங்கே கையில் ஜிபிஎஸ் கருவியோடு நடந்தும் பைக்கிலும் அந்தக் கோட்டைச் சரிபார்ப்பான். மலையிலிருந்து இறங்கினால் நேராக வீட்டுக்குப் போக மாட்டான், கிறுக்குப் பயல். தன் ஊரைத் தாண்டி மதுரை வரை வந்து, செம்மண் ஒட்டிய காலோடு வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, "இந்தாங்கண்ணே, இன்னிக்கு வேலை" என்று கருவியை நீட்டிவிட்டுத்தான் திரும்புவான். உள்ளே வா, காபி குடி என்றால், "வேணாம்ணே, வீடு அழுக்காயிரும்" என்பான். பாண்டியராஜனும் அதற்கு மேல் வற்புறுத்தியதில்லை.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், ஐந்து நாற்பதுக்கு அவன் போன் வந்தது. பின்னால் மழைச் சத்தம்.

"அண்ணே, மெயின் ரோட்ல ஓடை பெருகிருச்சு. அம்புட்டுத் தண்ணி. பதினேழுல வரலாமா? ரோடு தொறந்துருக்கா?"

பாண்டியராஜன் வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். திரையைப் பார்த்தார். பதினேழு பச்சை நிறத்தில் இருந்தது. "தொறந்துதான் இருக்கு. அதுலயே வா" என்றார், வாயில் பஜ்ஜியோடு.

"சரிண்ணே. வாரேன்."

ஆறு நிமிடம். ஐந்து நாற்பத்தாறுக்கு அவன் பள்ளத்தில் விழுந்தான். பதினேழை மூடச் சொல்லிப் பங்குனி மாதமே உத்தரவு போட்டவர் பாண்டியராஜன். மூடிவிட்டோம் என்று காட்டிலிருந்து வந்த கடிதத்தைக் கோப்பில் ஏற்ற மறந்தவரும் அவர்தான்.

மறந்தது மறதி. அதற்குப் பிறகு செய்ததற்கு என்ன பெயர் வைப்பது? செத்த சேதி வந்த அரைமணியில் கோப்பைத் திறந்து, பதினேழுக்கு எதிரே ‘மூடியது’ என்று அடித்து, பங்குனித் தேதியைப் போட்டு, கோட்டைச் சிவப்பாக்கினார். விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டபோது, "மூடுன ரோட்ல அவனா ஏன் போனான்னு தெரியல" என்றார். மழையில் நனைந்து கிடந்த உடம்பைப் பார்த்துவிட்டு எவனோ ஒருவன், குடித்திருப்பான் என்றான். பாண்டியராஜன் இல்லை என்று சொல்லவில்லை. பதினான்கு வருடத்தில் சோணை ஒரு பீடி குடித்துக்கூட அவர் பார்த்ததில்லை.

கருமாதி முடிந்த மறுநாள்தான் கோடு வளர ஆரம்பித்தது.

முதலில் மெஷினில் கோளாறு என்று நினைத்தார். சோணையின் கருவி பள்ளத்தில் கிடைக்கவில்லை. எவனோ எடுத்து வைத்துக்கொண்டு திரிகிறான், அது பாட்டுக்கு அவன் போகும் பாதையை இங்கே அனுப்புகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கோட்டை அழித்தார். மறுநாள் அதே இடத்தில் இருந்தது, இன்னும் நாலு கிலோமீட்டர் நீளமாக. கோட்டின் மேல் வைத்து அழுத்தினால் நேரம் காட்டும். அழுத்தினார். தொடக்கம் ஐந்து நாற்பது. முடிவு ஐந்து நாற்பத்தாறு.

ஒவ்வொரு நாளும் ஆறு நிமிடம். பைக் போகிற வேகம். நேற்று நின்ற இடத்திலிருந்து இன்று. மலையடிவாரத்தை விட்டு இறங்கி, கண்மாய்க் கரையோடு வளைந்து, பருத்திக் காடுகளைக் கடந்து, கிழக்கே, கிழக்கே. வீட்டில் பேச்சுத் துணைக்கும் ஆள் இல்லை. மனைவி தாமரைச்செல்வி மகள் பிரசவத்துக்காக ஒத்தக்கடைக்குப் போய் ஒரு மாதமாகிறது. ஐந்தரைக்கே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வார். அப்போதும் எங்கிருந்தோ செம்மண் வாடை வரும். புது மழை நனைத்த மண்ணும், அதனோடு கசக்கிய உண்ணி இலையின் காரநெடியும். மதுரையில் எங்கே இருக்கிறது உண்ணிச்செடி?

கோடு டி. கல்லுப்பட்டியைத் தொட்ட மறுநாள் காலையில் முனீஸ்வரி போன் செய்தாள். சோணையின் மனைவி.

"அண்ணே, நேத்து சாயங்காலம் வாசல்ல டயர் தடம். செகப்பு மண்ணு, ஈரமா. நம்மூரு கரிசலு, ஏதுண்ணே செகப்பு மண்ணு? வாசலை ஒரு சுத்துச் சுத்திட்டுப் போயிருக்குண்ணே."

திரையில் அந்தத் தெருவில் கோடு ஒரு சிறிய வட்டம் அடித்திருந்ததை அவர் ஏற்கனவே பார்த்திருந்தார்.

"அவருன்னா ஏண்ணே உள்ள வரல?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

பாண்டியராஜனுக்குத் தெரியும் ஏன் என்று. அவன் வேலை இன்னும் முடியவில்லை. கருவியை ஒப்படைத்துவிட்டுத்தானே வீட்டுக்குப் போவான்.

திருமங்கலம். அப்புறம் பழங்காநத்தம். நேற்று, காளவாசல்.

இன்று சோணை செத்து இருபத்தொன்பதாம் நாள். விடிந்ததிலிருந்து தூறல். மத்தியானம் முனீஸ்வரி மறுபடி கூப்பிட்டாள்.

"நாளைக்கு முப்பது கும்பிடுறோம்ணே. சொந்தக்காரங்க எல்லாம் வருவாக. பள்ளிக்கூடத்துல எம் புள்ளையக் குடிகாரன் மகன்னு சொல்றாங்களாம். சோறு திங்க மாட்டேங்குறான். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அவரு குடிக்கல, அவரு மேல தப்பு இல்லன்னு உங்க கையால ஒரு தாளு எழுதிக் குடுங்க. நீங்க சொன்னா ஊரு நம்பும்ணே."

"பாக்குறேன் தாயி" என்றார்.

"அவரு போனு நொறுங்கிப்போயி எங்கிட்டத்தான் இருக்கு. கடைசியா பேசுனது உங்ககிட்டத்தானாம், போலீஸ்காரவுக சொன்னாக. என்ன பேசுனாருண்ணே?"

"சிக்னல் இல்லாம கட்டாயிருச்சும்மா."

போனை வைத்ததும், ச்சே, நான் ஒரு மனுசனா என்று வாய்விட்டே சொன்னார்.

ஐந்து மணிக்கு உட்கார்ந்தார். உண்மையிலேயே எழுதிவிடத்தான் உட்கார்ந்தார். ‘சோணையை அந்த ரோட்டில் வரச் சொன்னது நான்தான்’ என்று ஒரு வரி அடித்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இருபத்திரண்டு வருடச் சர்வீஸ். மருமகன் வீட்டார் முகம். கூப்பிட்டு விசாரிக்கப்போகிற போலீஸ். அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.

ஐந்து இருபத்தைந்து. வாசலில் மழை இருட்டு. மண் வாடை இப்போது அறைக்குள்ளேயே நின்றது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. தொழில் தெரிந்தவனுக்கு வரக்கூடிய யோசனை. ரோடு வருகிறதா? ரோட்டை மூடு. வரைபடத்தைக் கோச்சடைக்கு நகர்த்தினார். தன் தெருவைப் பெரிதாக்கினார். தன் வீட்டு வாசலுக்குப் பத்தடி முன்னால், தெருவுக்குக் குறுக்கே, பள்ளத்துக்கான இரண்டு சிவப்புக் கோடுகளை இழுத்தார். எதிரே ‘மூடியது’ என்று அடித்தார். தேதி கேட்டது. பழக்கம் விடுமா? நேற்றைய தேதியைப் போட்டார்.

சேமித்தார். நாற்காலியில் சாய்ந்தார். பதினான்கு நாளில் முதல் தடவையாக மூச்சு முழுதாக வந்தது.

ஐந்து நாற்பது.

போன் அடித்தது. திரையில் ‘சோணை’ என்று பெயர்.

எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தார். விரல் எடுத்துவிட்டது. மழைச் சத்தம். கரகரவென்று ஓட்டை சைலன்சர்.

"அண்ணே, காளவாசல்ட்ட நிக்கேன். மெயின் ரோட்ல அம்புட்டுத் தண்ணி. உங்க தெரு வழியா வரலாமா? ரோடு தொறந்துருக்கா?"

குரலில் கோபம் இல்லை. கொஞ்சங்கூட இல்லை. நனைந்த மனிதனின் குரல், அவ்வளவுதான். அதுதான் அவரைக் கொன்றது.

வராதடா என்று சொல்ல வாயைத் திறந்தார். மூடிட்டேன்டா, நான்தான்டா மூடினேன் என்று சொல்லத் திறந்தார். நாக்கு அசையும் முன்னால் போனுக்குள்ளிருந்து இன்னொரு குரல் பேசியது. பஜ்ஜி மெல்லுகிற குரல். அவருடைய குரல்.

"தொறந்துதான் இருக்கு. அதுலயே வா."

"சரிண்ணே. வாரேன்."

கட்டானது.

ஆறு நிமிடம். பாண்டியராஜன் மவுஸைப் பிடித்தார். சிவப்புக் கோடுகளை அழித்தார். போகவில்லை. மறுபடி அழித்தார். ‘திறந்தது’ என்று அடித்தார். அடிக்க அடிக்க ‘மூடியது’ என்றே விழுந்தது. சோணையின் நம்பரைக் கூப்பிட்டார். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது ஒரு பெண் குரல். மூன்று நிமிடம் போயிற்று. கோடு காளவாசலை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது, அவர் கண்ணெதிரே, எறும்பு ஊர்வதுபோல.

வெளியே ஓடினார். செருப்பு இல்லை. குடை இல்லை. தெருவில் ஆள் இல்லை. எதிர்வீட்டில் விளக்கு இல்லை.

பள்ளம் இருந்தது.

இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை. தார் ரோட்டைப் பிளந்துகொண்டு. ஆளுயரத்துக்கு மேல். உள்ளே செம்மண். விளிம்பில் இரண்டு பக்கமும் உண்ணிச்செடி, பூத்திருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவனுக்குத் தெரியாது. தெரியவே தெரியாது.

தெரு முனையில் வெளிச்சம் திரும்பியது. ஒற்றை விளக்கு.

"வராத! சோணை, வராதடா!"

சைலன்சர் சத்தத்தில் கேட்கவில்லை. கைகளை ஆட்டினார். விளக்குக்குப் பின்னால் ஒரு கை உயர்ந்தது. பார்த்துவிட்டான். அண்ணன் வாசலில் வந்து நின்று கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டான். பதினான்கு வருடத்தில் ஒரு நாளும் படியிறங்கி வராத அண்ணன். சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் முறுக்கினான்.

"வராத—"

செடி ஒடிந்தது. இரும்பு கல்லில் மோதியது. அப்புறம் எதுவும் இல்லை. மழை.

பாண்டியராஜன் முட்டி போட்டு விளிம்புவரை நகர்ந்தார். கீழே பைக்கின் விளக்கு அணையாமல் மேலே பார்த்து எரிந்தது. அந்த வெளிச்சத்தில் மழை கம்பி கம்பியாக இறங்கியது. சேற்றிலிருந்து ஒரு கை மட்டும் மேலே நீண்டிருந்தது. அதில் கருவி. வாசற்படிக்கு வெளியே நின்று நீட்டுகிற அதே நீட்டல்.

"ஐயோ, எந் தம்பி" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நான்தான்டா. நான்தான் சொன்னேன். வான்னு நான்தான் சொன்னேன்." ஊர் கேட்கச் சொன்னார். தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. எப்போது சொல்ல வேண்டியதை எப்போது சொல்கிறார்!

கருவியை வாங்கிக்கொண்டால் அவன் வீட்டுக்குப் போய்விடுவான். குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். எட்டவில்லை. நான்கு விரற்கடை. பள்ளம் எவ்வளவு ஆழம் என்று கணக்குப் போட்டவர் அவர்தான்.

சட்டைப் பையில் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தார். சோணை. மணி ஐந்து நாற்பது.

தெரு முனைக்கு அப்பால், காளவாசல் பக்கமாக, மழைக்குள் ஒரு பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. கீழே அந்தக் கை இன்னும் நீண்டுதான் இருந்தது. அதற்குப் பக்கத்தில், சேற்றுக்குள்ளிருந்து, இன்னொரு கை. அதிலும் கருவி.